மதுரையில் அந்தி பதினைந்து நிமிடம்: எச்டிஆரையும் டார்ச் ஒளியையும் தனித்தனியாக எடுப்பது ஏன்?

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம். சூரியன் மறைந்து இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. தாமரைக் குளக்கரையில் முக்காலி போட்டு நிற்கும் கேமராவுக்கு எதிரே அந்த நேரத்தில் மூன்று வகை வெளிச்சம் இருக்கும். மேலே நீலம் இறங்கிக்கொண்டிருக்கும் வானம். நடுவில் அய்யனார் கோயில் விளக்கு. கீழே காலடியில் கிடக்கும் பாறை. அதன்மேல் சொல்லிக்கொள்ளும்படி வெளிச்சமே கிடையாது. இந்த மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவர இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, பல எக்ஸ்போஷர்களை, அதாவது வெவ்வேறு ஷட்டர் நேரத்தில் பல ஃபிரேம்களை (படங்களை), எடுத்துச் சேர்க்கும் எச்டிஆர். மற்றொன்று, ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச்சால் பாறையைத் தடவி ஒளியேற்றும் லைட் பெயிண்டிங்.

எச்டிஆரை மட்டும் நம்பினால் பாறை சாம்பல் பூசியதுபோல் தட்டையாக வரும். டார்ச்சை மட்டும் நம்பினால் கோயில் விளக்கு வெள்ளைத் திட்டாகிவிடும். சரி, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று டார்ச் அடித்தபடியே ஐந்து ஃபிரேம் எடுத்தால் படம் இன்னும் மோசமாகும். காரணம் மென்பொருள் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது.

எச்டிஆர் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் எல்லா ஃபிரேம்களிலும் பார்க்கும். வெளுத்துப்போன ஃபிரேமையும், இருட்டில் மூழ்கிய ஃபிரேமையும் அந்தப் புள்ளிக்கு ஒதுக்கிவிடும். மீதியுள்ள அளவை அந்தந்த ஃபிரேமின் விநாடிகளால் வகுத்து, சராசரி எடுக்கும். இரண்டு விநாடியில் 100 வந்த இடம் எட்டு விநாடியில் 400 வரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதாவது, காட்சியில் விழும் வெளிச்சம் மாறவில்லை, ஷட்டர் நேரம் மட்டும்தான் மாறியது என்று அது நம்புகிறது. டார்ச் வெளிச்சமோ கை அசைவுக்கு ஏற்ப ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும். இரண்டாவது ஃபிரேமில் பிரகாசமாக இருந்த பாறை விளிம்பு நான்காவதில் இருட்டாக இருந்தால், மென்பொருள் அதை நகர்ந்த பொருளாக எண்ணி ஒரு ஃபிரேமை மட்டும் வைத்துக்கொள்ளும். பாறையில் திட்டுத்திட்டாக ஒட்டுப்போட்டதுபோல் தெரிவது இதனால்தான்.

ஆகவே மாறாத வெளிச்சத்துக்கு எச்டிஆர், மாறும் வெளிச்சத்துக்குத் தனி ஃபிரேம்கள். சேர்ப்பது பிறகு, மேசையில். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் நேர நிர்வாகம்தான். மதுரையில் அந்த நேரம் மிகவும் குறைவு.

குளிர்நாட்டுப் பயிற்சிக் குறிப்புகள் நீல வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று சொல்லும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து சறுக்குவதில்லை, ஏறக்குறைய நேராக இறங்குகிறது. அடிவானத்துக்குக் கீழே 4 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரை அது இறங்கும் இடைவெளிதான் வானம் நல்ல நீலமாக இருக்கும் நேரம். மதுரையில் இது சூரியன் மறைந்து 13 நிமிடம் கழித்துத் தொடங்கி, 30 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கையில் இருப்பது பதினைந்து, பதினாறு நிமிடம். அதற்குள்ளும் வெளிச்சம் சீராக நிற்காது. சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம், அதாவது பாதி பாதியாக, குறைந்துகொண்டே போகும். வெவ்வேறு ஷட்டர் நேரத்தில் அடுத்தடுத்து எடுக்கும் ஒரு பிராக்கெட் வரிசையை முடிக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால், முதல் ஃபிரேமின் வானமும் கடைசி ஃபிரேமின் வானமும் இரு மடங்கு வேறுபடும். மென்பொருள் இங்கேயும் ஏமாறும்.

வரிசை முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 வைத்து, இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, இடைவெளியில் ஐந்து ஃபிரேம் போதும்: 1/8, 1/2, 2, 8, 30 விநாடி. கூட்டினால் நாற்பது விநாடிதான். 1/8 விநாடி ஃபிரேம் கோயில் விளக்கைக் காப்பாற்றும், 2 விநாடி வானத்துக்கு, 30 விநாடி குளத்தின் இருண்ட ஓரத்துக்கு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஷட்டரை மட்டுமே மாற்ற வேண்டும். அப்பர்ச்சரை மாற்றினால் தெளிவின் ஆழமும், விளக்கைச் சுற்றி வரும் நட்சத்திரக் கதிர்களும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிவிடும்.

இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தின்றுவிடும் ஓர் அமைப்பு கேமராவிலேயே இருக்கிறது. நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதி, ஒவ்வொரு நீண்ட ஃபிரேமுக்கும் பிறகு அதே நேரத்துக்கு ஷட்டரை மூடி ஓர் இருட்டு ஃபிரேம் எடுத்துக் கழிக்கும். 30 விநாடிப் படத்துக்கு இன்னொரு 30 விநாடி காத்திருக்க வேண்டும். அந்தி நேரத்தில் இதை அணைத்துவிடுங்கள். அதற்கு ஈடாக, எல்லாம் முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓவில் அதே விநாடிக்கு நான்கைந்து இருட்டு ஃபிரேம்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் இது கட்டாயம் வேண்டிய வேலை. சென்சாரின் வெப்ப இரைச்சல் 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். மார்கழி இரவில் சுத்தமாக வந்த அதே 30 விநாடி, சித்திரை இரவில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகளைத் தெளித்து வைக்கும். வீட்டு ஏசி அறையில் எடுத்த இருட்டு ஃபிரேம் இதற்கு உதவாது. அந்த இடத்தின் சூட்டிலேயே எடுக்க வேண்டும்.

பாறைச் சூட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. பகலெல்லாம் காய்ந்த கருங்கல் அந்தியில் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேற்பரப்பை ஒட்டி, தூரத்தை அருகே காட்டும் டெலி லென்ஸில் பார்த்தால் தூரத்துக் குன்றின் விளிம்பு நடுங்கும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அகல லென்ஸுக்கு மாறுவது, அல்லது பாறை ஆறும்வரை காத்திருப்பது, இரண்டுதான் வழி.

சூரியன் மறைவதற்கு முன்

அரை மணி நேரம் முன்னதாகவே ஃபிரேம் முடிவாகியிருக்க வேண்டும். முழு ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸ், எஃப் 8 என்றால் சுமார் 2 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் போதும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து மலைமுகடு வரை தெளிவாக இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே ஆட்டோ ஃபோகஸில் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். இருட்டில் கை தெரியாமல் பட்டால்கூட நகராது. முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைக்க வேண்டும். கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை மூடிவையுங்கள்; பின்னாலிருந்து வரும் டார்ச் வெளிச்சம் அதன் வழியே உள்ளே புகுந்து படத்தின் நடுவே ஊதா நிறத்தில் கசியும்.

கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் முக்காலி மெல்ல இறங்கும். தண்ணீர் பாய்ச்சிய வரப்பாக இருந்தால் அரை மணி நேரத்தில் ஒரு கால் சில மில்லிமீட்டர் புதைந்துவிடும். அந்திப் படமும் டார்ச் படமும் அதன்பிறகு ஒன்றோடொன்று பொருந்தாது. மூன்று காலுக்கும் கீழே தட்டைக் கல்லோ கொட்டாங்கச்சியோ கவிழ்த்து வையுங்கள். ஆடிக்காற்றில் வேறு பிரச்சினை. பனை ஓலையும் ஆலங்கிளையும் ஒரு விநாடிகூட நிற்பதில்லை. ஐந்து ஃபிரேமிலும் ஐந்து இடத்தில் இருக்கும் ஓலையைச் சேர்த்தால் பேய்நிழல்தான் வரும். ஆடியில் மரத்தை வானத்துக்கு எதிரே வைக்காமல் பாறையையும் நீரையும் நம்பி ஃபிரேம் அமைப்பது நல்லது.

டார்ச்சின் கணக்கு

லைட் பெயிண்டிங் என்றாலே கைப்பக்குவம் என்று சொல்லிவிடுகிறார்கள். கைப்பக்குவம் உண்டுதான், ஆனால் அதற்கு அடியில் கணக்கு இருக்கிறது. 300 லூமன் டார்ச் ஒன்று, கற்றையின் விரிவு 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 8 மீட்டர் தள்ளி நின்று அடித்தால் பாறையில் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டம் விழும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்ற அமைப்பில் அந்த வட்டம் சரியான வெளிச்சம் பெற சுமார் 3 விநாடி வேண்டும். 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள பாறை முகத்துக்கு நான்கு வட்டம், மொத்தம் 12 முதல் 15 விநாடி. இரவுப் படம் இரவாகத் தெரிய வேண்டுமானால் இதில் பாதி போதும்.

அதே டார்ச்சை 500 மீட்டர் தள்ளியுள்ள மலைமேல் அடித்தால்? தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். கணக்குப்படி ஒவ்வொரு வட்டத்துக்கும் 3 மணி நேரத்துக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கும். மதுரையை ஒட்டிய யானைமலையை டார்ச்சால் வரைய முயல்வது வீண் என்பது இதனால்தான். மலையை அந்திக்கோ நிலாவுக்கோ விட்டுவிட வேண்டும். டார்ச்சின் ஆட்சி ஐந்து முதல் பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் பாறைக்கும் மரத்துக்கும் மண்டபத் தூணுக்கும் மட்டும்தான்.

இருட்டில் நின்று நேரத்தை ஊகிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஐஎஸ்ஓ 3200ல் 1 விநாடி, ஐஎஸ்ஓ 100ல் 32 விநாடிக்குச் சமம். இயல்பான வெளிச்சம் எப்படி விழும் என்பதை அரை நிமிடம் காத்திருக்காமல் ஒரு விநாடியில் பார்த்துவிடலாம். சோதனை முடிந்ததும் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்க மறக்கக் கூடாது. அடிக்கடி நடக்கும் தவறு இது.

டார்ச் எங்கே நிற்கிறது என்பதுதான் படத்தின் உயிர். கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று அடித்தால் பாறை அட்டையில் வெட்டி வைத்ததுபோல் தட்டையாகிவிடும்; நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கேமராவின் பார்வைக்கோட்டிலிருந்து 60 முதல் 80 டிகிரி விலகி, பக்கவாட்டில் நின்று, கற்றையைப் பாறையின் மேற்பரப்பை உரசிச் செல்லுமாறு விடுங்கள். மதுரைச் சுற்றுவட்டக் கருங்கல்லில் உற்றுப் பாருங்கள்: பகலில் ஒரே வெளிர்சாம்பலாகத் தெரிந்த பாறையில், பக்கவெளிச்சம் பட்டதும் மழைநீர் வழிந்த கருங்கோடுகளும், வரிவரியாகப் புடைத்த வெண்கல் படிவும், கல்லுடைக்கப் போட்ட உளித்துளைகளின் வரிசையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வரும். எந்த மென்பொருளின் கிளாரிட்டி பட்டனும் இதைத் தராது.

கையை வெள்ளையடிப்பதுபோல் ஓட்ட வேண்டும். பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி, எங்கும் நிற்காமல். நின்ற இடம் வெள்ளைக் குட்டையாகும். டார்ச் முனையில் பத்துப் பதினைந்து செ.மீ. நீளத்துக்கு பிவிசி குழாய்த் துண்டைச் செருகி உள்பக்கம் கறுப்புத்தாள் ஒட்டினால் பல்ப் கேமராவுக்குத் தெரியாது. இல்லாவிட்டால் காற்றில் மின்மினிக்கோடு இழுத்ததுபோல் வரும். மலிவு எல்இடி டார்ச்சுகளின் வெளிச்சம் 6500 கெல்வின் பக்கம், நீலங்கலந்த வெள்ளை. ஏற்கெனவே நீலமான அந்தியில் அது பாறையைப் பிணம்போல் காட்டும். ஆரஞ்சு ஜெல் (வண்ண பிளாஸ்டிக் தாள்) ஒன்றை டார்ச் முகத்தில் ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டால் மஞ்சள் கலந்த 3200 கெல்வின் வாக்கில் இறங்கும். ஜெல் கிடைக்காவிட்டால் ஆரஞ்சு செலோபேன் தாளும் உதவும். ஒரு மடிப்பா இரண்டு மடிப்பா என்பதைச் சோதித்துப் பார்த்து, அந்த இரவு முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) ஆட்டோவில் விடாமல் 4000 கெல்வினில் நிறுத்தி, ரா ஃபைலாக (சென்சார் பதிவு செய்த மூலக் கோப்பாக) எடுத்தால், வானம் நீலமாகவும் பாறை இளஞ்சூடாகவும் நிற்கும்.

டார்ச் வேலையை ஒரே ஃபிரேமில் முடிக்க ஆசைப்பட வேண்டாம். பாறையின் இடப்பக்கம் ஒரு ஃபிரேம், வலப்பக்கம் ஒரு ஃபிரேம், மரத்தடி ஒரு ஃபிரேம் என்று எட்டுப் பத்து எடுத்து வைத்தால், ஒன்று கெட்டாலும் மற்றவை நிற்கும். ஒவ்வொன்றும் 20 முதல் 30 விநாடி. இதை நீல நேரம் முடிந்தபின், சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு நிதானமாகச் செய்யலாம், ஏனென்றால் வானம் ஏற்கெனவே பிராக்கெட்டில் பத்திரமாக இருக்கிறது.

இரவில் வயல்வெளியில் டார்ச் அலைவதைப் பார்த்தால் ஊரில் சந்தேகம் வரும். முன்கூட்டியே டீக்கடையிலாவது சொல்லிவிட்டுப் போவது நல்லது. கட்டுவிரியன் நடமாடும் நேரமும் இதுதான். பூட்ஸ் இல்லாமல் பாறை இடுக்கில் கால் வைக்காதீர்கள். சமணர் மலையில் சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளமும் செட்டிப்புடவும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும், இருட்டியபின் மேலே ஏறக் கூடாது. மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு போன்ற பறவைகள் அந்தக் குன்றுகளின் பாறை முகங்களை நம்பி வாழ்கின்றன. அங்கே செங்குத்துப் பாறைமேல் டார்ச்சை ஏவவே வேண்டாம். படம் வேறிடத்திலும் கிடைக்கும்.

நிலாவும் விண்மீனும்

முழுநிலா தரும் வெளிச்சத்தில் அரைநிலா பாதி தருவதில்லை, பத்தில் ஒன்றுதான் தரும். பௌர்ணமியில் எஃப் 4, ஐஎஸ்ஓ 400, 20 முதல் 30 விநாடி போதுமென்றால், அஷ்டமியில் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கூட்ட வேண்டும். நிலா எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். வளர்பிறை அஷ்டமி நிலா அந்தியில் உச்சியில் இருக்கும். மலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சத்தில் உருவம் எழாது. இரவு பத்து மணிக்கு மேற்கே சாய்ந்தபின் அதே மலை வேறாகத் தெரியும். பௌர்ணமி நிலா அந்தியிலேயே கிழக்கே தாழ்வாக எழுவதால், கிழக்கு முகத்தை உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் அந்தியை ஒட்டியே கிடைக்கும். தினசரி காலண்டரில் திதியைப் பார்த்து இதைத் திட்டமிடலாம்.

விண்மீன்கள் வட்டமிடும் படம் வேண்டுவோர் கவனிக்க: மதுரையில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரம்தான், கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அளவு. 90 மீட்டர் உயரமுள்ள எந்தக் குன்றையும் 500 மீட்டர் தெற்கே நின்று பார்த்தால், வட்டத்தின் மையம் சரியாக முகட்டில் உட்காரும். இன்னும் நெருங்கினால் மையம் குன்றுக்குப் பின்னால் போய்விடும். யானைமலையை மதுரைப் பக்கம் நின்று எடுத்தால் நகர வெளிச்சம் பாறைமேல் விழும். மறுபக்கம் போனால் அதுவே பின்வெளிச்சமாகி மலையை நிழலுருவமாக்கும். ஒத்தக்கடைப் பக்கம் என்றால் மேலூர் சாலை வாகனங்களின் முகப்பு விளக்குகள் வயலைத் தடவிப் போகும். தடுக்க முடியாததால், பெரிய வண்டி வரும்போது ஷட்டரை மூடிக்கொள்வதே வழி.

மேசையில்

முதலில் ஐந்து அந்தி ஃபிரேம்களை மட்டும் சேருங்கள். லைட்ரூமிலும் செய்யலாம், காசில்லாமல் எச்டிஆர்மெர்ஜ், டார்க்டேபிள் இரண்டும் போதும். முக்காலி அசையவில்லை என்றால் தானியங்கிப் பொருத்தலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓடும் மேகத்தைப் பிடித்துக்கொண்டு மென்பொருள் மலையை நகர்த்திவிடும். பிறகு டோன் மேப்பிங், அதாவது சேர்த்த படத்தின் பெரிய வெளிச்ச வீச்சைத் திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்குவது. இங்கேதான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. முகட்டின் விளிம்பை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். மலையை ஒட்டி வானத்தில் ஒரு வெளிர்ப்பட்டை ஓடினால், அது ஹேலோ. மென்பொருள் இருட்டான மலையைத் தூக்கும்போது பக்கத்து வானத்தையும் சேர்த்துத் தூக்குகிறது. உள்ளூர் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்து, ஆரத்தை (ரேடியஸ்) பெரிதாக்கினால் அடங்கும். நிழலை முழுக்க வெளிச்சமாக்குவதும் தேவையில்லை. மலையின் அடிப்பகுதி இருட்டாகவே இருக்கட்டும்.

தெப்பக்குளத்து மைய மண்டபத்தின் அலங்கார விளக்குகள் போன்றவற்றுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஊதா, நீல எல்இடிகள் மொத்த ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) சரியாகத் தெரிந்தாலும் நீலச் சேனல் மட்டும் முன்பே வெளுத்திருக்கும். மூன்று சேனலையும் தனித்தனியாகப் பார்த்து, பிராக்கெட்டின் இருட்டு முனையில் இன்னும் இரண்டு ஸ்டாப் கூடுதலாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் மண்டபம் வண்ணக்கறையாகத் தேங்கிவிடும்.

அடுத்து டார்ச் ஃபிரேம்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இருட்டு ஃபிரேம்களின் சராசரியைக் கழித்துவிட்டு, ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ எச்டிஆர் படத்துக்கு மேல் அடுக்காக வைத்து, லைட்டன் முறையில் சேருங்கள். இந்த முறை ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சம் உள்ளதை வைத்துக்கொள்ளும். கழித்தலை விட்டுவிட்டால் பத்து ஃபிரேமின் சூட்டுப் புள்ளிகளும் ஒன்று விடாமல் குவிந்துவிடும். ஒவ்வொரு அடுக்கிலும் வானத்தை மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிந்திய ஃபிரேம்களின் விண்மீன்கள் அந்திவானத்தில் சங்கிலிப் புள்ளிகளாக ஏறிவிடும். அடுக்குகள் தனித்தனியாக இருப்பதால், இடப்பக்க வெளிச்சம் கூடிவிட்டது என்றால் அந்த ஒரு அடுக்கின் ஒபாசிட்டியை (அடர்த்தியை) 60 சதவீதத்துக்குக் குறைத்தால் போதும்.

கடைசியாக, அந்தி வரிசையின் 2 விநாடி ஃபிரேமை எந்தத் திருத்தமும் இல்லாமல் பக்கத்தில் திறந்து வையுங்கள். கண் அங்கே பார்த்ததற்கு மிக நெருக்கமானது அதுதான். முடித்த படத்தில் டார்ச் பட்ட பாறை வானத்தைவிட வெளிச்சமாகத் தெரிந்தால், பாறை அடுக்குகளை அரை ஸ்டாப் இறக்கிவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள்.